இரண்டு நிலாத் தோணிக்காரி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எந்த மாதமும் நுழைய முடியாத அறை ஒன்று உண்டு. வெளியே சித்திரை வெயில் தார் ரோட்டை உருக்கினாலும் சரி, ஐப்பசி மழை கம்பெனி வாசலில் முழங்கால் தண்ணீரை நிறுத்தினாலும் சரி, அந்த அறைக்குள் இருபத்து மூன்று டிகிரிதான். காற்றில் ஈரம் நூற்றுக்கு ஐம்பதுதான். அட்டை தயாரிக்கும் மில் ஒன்றின் பரிசோதனைக் கூடத்துக்குள், கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் மெஷின் சத்தம்கூட எங்கோ யாரோ அரிசி புடைப்பது மாதிரிதான் கேட்கும். லோகநாதன் பதினாறு வருடமாகப் பாதி நாளை அந்த அறையில்தான் கழித்துவந்தான். மீதி நாளிலும் அவன் மனசு அங்கேதான் கிடந்தது என்று சொல்பவர்கள் உண்டு.

அறை எதற்கென்றால், காகிதம் ஒரு குடிகாரன். காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். மழை நாளில் கனக்கும், வெயில் நாளில் இளைக்கும். ஆகவே எந்தக் காகிதமானாலும் அந்த அறையில் ஒரு நாள் படுக்கப்போட்டு, அது நிதானத்துக்கு வந்த பிறகே எடை போட வேண்டும். கதவுக்கு மேலே ஒரு பலகையில் சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது: 'இருபத்து நான்கு மணி நேரம் வைக்காமல் எதையும் எடை போடாதே.' எழுதியது லோகுவின் கைதான். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை இனிமேல் வருகிறது.

மில்லுக்கு வேண்டிய பழைய காகிதம் கப்பலில் வரும். எந்த ஊர்க்காரர்களோ படித்துப் போட்ட பேப்பரும் பிரித்துப் போட்ட டப்பாவும் பண்டல் பண்டலாக வந்து இறங்கும். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வைகாசியில் அப்படி வந்த பண்டல் ஒன்றை அறுத்தபோது, சீட்டுக்கட்டு அளவில் ஆயிரக்கணக்கான படங்கள் சரிந்து கொட்டின. நெருப்பு கக்கும் பறவை, கொம்பு முளைத்த ராணி, மரத்துக்குள் குடியிருக்கும் கிழவன், தலைகீழாகத் தொங்கும் கோட்டை. காகிதம் பிரிக்கும் பெண்கள் ஆளுக்கு ஒரு பிடி மடியில் போட்டுக்கொண்டார்கள். கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி இரும்பைத் தேடுவாரா, படத்தைத் தேடுவாரா? அந்த வருடம் கவரைப்பேட்டையிலிருந்து ஆரணி வரைக்கும் எத்தனையோ வீட்டுச் சுவரில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு டிராகன் உட்கார்ந்திருந்தது. வேதக்காரர் வீடு ஒன்றில் சிறகு வைத்த மந்திரவாதியைத் தேவதூதன் என்று நினைத்து மெழுகுவத்திகூட ஏற்றினார்கள். மந்திரவாதிக்கும் அது ஒரு காலம்.

அது இன்னதென்று கண்டுபிடித்தவன் லோகு. 'வெஸ்பரா' என்று ஒரு மாயலோக விளையாட்டு. தொண்ணூறுகளில் வெளிநாட்டில் வந்தது. இந்தச் சீட்டுகளை விரித்துவைத்து எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவார்கள். முதல் பதிப்புச் சீட்டுக்காக உலகமெங்கும் ஆட்கள் ஏங்கிக் கிடந்தார்கள். லோகுவுக்கு ஆடத் தெரியாது; கூட ஆட ஆளும் இல்லை. படமே அவனுக்குப் போதும். வீடு வீடாகப் போய்ப் புதுக் காலண்டர் கொடுத்து டிராகனை வாங்கிவந்தான். சாப்பாட்டு வேளையில் அந்த அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாக லென்ஸில் பார்ப்பான். லென்ஸைக் கிட்டே கொண்டுபோனால் ராணி கரைந்து சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளியாகிவிடுவாள். தூக்கினால் மறுபடி ராணி. கிட்டே, தூரத்தில், கிட்டே, தூரத்தில். அப்படியே வெஸ்பராவுக்குள் இறங்கிவிடுவான். அங்கே ஆறுகள் மலையேறிப் போகும். மரங்கள் சாயங்காலத்தில் இடம் மாறி உட்காரும். ஷிஃப்ட் சங்கு ஊதினால்தான் ஆள் கும்மிடிப்பூண்டிக்குத் திரும்புவான்.

சீட்டுக்கு மதிப்பு உண்டென்று தெரிந்ததும் போலிகளும் கிளம்பின. கும்மிடிப்பூண்டிச் சரக்கு என்று சொல்லி எங்கெங்கோ அச்சடித்ததையெல்லாம் விற்றார்கள். அப்போதுதான் லோகு நீதிபதியானான். அசல் முதல் பதிப்பில் இரண்டு தாள்களுக்கு நடுவே கருநீலப் பசை இருக்கும். பின்னாலிருந்து டார்ச் அடித்தால் விடியற்கால வானத்தின் நீலம் தெரியும். எடை ஒன்று புள்ளி ஏழு எட்டு கிராம். அதற்கு மேலும் போகாது, கீழும் போகாது. பார்த்து முடித்ததும் பழைய ரிப்போர்ட் பேடிலிருந்து ஒரு தாளைக் கிழிப்பான். எடை, முடிவு, காரணம் என்று மூன்று கட்டம். நிரப்பிக் கையெழுத்துப் போடுவான். மில்லில் லேப் ரிப்போர்ட் வந்துவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. மேனேஜரே வாயைப் பொத்திக்கொள்வார். சீட்டு விஷயத்திலும் அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. சென்னையில் ஞாயிற்றுக்கிழமை கூடும் சேகரிப்பாளர்கள்கூட லோகு எழுதிவிட்டால் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

வெஸ்பராவில் எல்லோரும் தேடிய சீட்டு தோணிக்காரி. அசைவே இல்லாத ஏரி. அதில் ஒரு தோணி. லாந்தரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நிற்பாள், முகத்தில் பாதி இருட்டு. எல்லா வீட்டிலும் கிடைத்த தோணிக்காரிக்கு மேலே ஒரு நிலா இருந்தது. ஆனால் முதன்முதலில் அச்சடித்ததில் இரண்டு நிலா இருந்ததாம். கம்பெனிக்காரர்கள் தப்பு என்று பாதியில் நிறுத்திவிட்டார்களாம். இரண்டு நிலாத் தோணிக்காரியை லோகு கண்ணால் பார்த்ததில்லை, எட்டு வருடத்துக்கு முன்னால் அந்த ஐப்பசிச் சாயங்காலம் துர்காதேவி அதைக் கொண்டுவரும் வரைக்கும்.

துர்கா பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். அப்போது இருபத்து நாலு வயசு. கம்பெனி பஸ்ஸில் வந்து காகிதம் பிரிக்கும் வேலை பார்த்தாள். பண்டல் தூக்கும் க்ளாம்ப் வண்டி ஓட்டிய அருண்பாண்டியன் அவளிடம் மனசைப் பறிகொடுத்திருந்தது மில்லுக்கே தெரியும். அருண் நல்லவன்தான், ஆனால் வாயைத் திறந்தால் கப்சா. திருவள்ளூர் கோர்ட்டில் ஜட்ஜையே சிரிக்கவைத்தேன் என்பான், முதலையோடு நீந்தினேன் என்பான். அப்படிப்பட்டவன் ஒரு நாள் துர்காவின் கையில் இந்தச் சீட்டைக் கொடுத்து, அந்த முதல் நாள் பண்டலிலேயே கிடைத்தது, ஐந்து வருடமாக யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன், உனக்குத்தான் என்றிருக்கிறான். இது மட்டும் சத்தியமாக நிஜம் என்றானாம். அவள் சிரித்துவிட்டாள்.

சிரித்தாலும் மனசு கேட்குமா? எட்டாம் நாள் ஷிஃப்ட் முடிந்ததும் லேப் வாசலில் வந்து நின்றாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"லோகு சார், இத்த கொஞ்சம் பாத்து சொல்லுங்க. அசலா, டூப்பா?"

"யார் குடுத்தாங்க?"

"அருணுதான். சீக்கிரம் சார், பஸ்ஸு எடுத்துருவான். ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. இது அசலா இருந்திச்சின்னா அவன் சொல்ற எல்லாத்தையும் நம்பிறதுன்னு இருக்கேன். எங்க ஊட்ல ஒத்துக்க மாட்டாங்க. சண்ட போட்டுகினாவது அவன்கூட போய்டுவேன்."

லோகு சிரிக்கவில்லை. லோகுவுக்குத் துர்காவைப் பிடிக்கும். இரண்டு வருடமாகப் பிடிக்கும். அந்தக் கண்ணாடி அறையைத் தவிர வேறு யாரிடமும் அதை அவன் சொன்னதில்லை. அறை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருபத்து மூன்று டிகிரியிலேயே இருந்துவிட்டது.

சீட்டை வாங்கினான். லென்ஸ் வைத்தான். புள்ளிகள் சரியாக இருந்தன. இரண்டு நிலாவும் கரைந்து மஞ்சள் புள்ளிகளாகி மறுபடி நிலாவாயின. டார்ச் அடித்தான். நீலம் வந்தது, கொஞ்சம் மங்கலாக. சீட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ இரண்டு மூன்று துணுக்கு ஒட்டியிருந்தது, சுண்டுவிரலால் தட்டிவிட்டான். நாளைக்கு வா துர்கா, இதை ஒரு நாள் அறையில் வைக்கணும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. நேராகத் தராசில் வைத்தான். ஒன்று புள்ளி எட்டு ஆறு.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. லோகு பேடை எடுத்து எழுதினான். எடை: அதிகம். முடிவு: போலி. காரணம்: எடை. கையெழுத்துப் போட்டான். அவசரத்தில் அண்டாவுக்குள் கை நுழையாது என்பார்கள். அன்றைக்குப் பேனா மட்டும் நன்றாக நுழைந்தது.

மறுநாள் துர்கா தாளை அருணிடம் நீட்டினாள். அவன் இரண்டு முறை படித்தான். "லேப்பே சொல்டிச்சா?" என்று கேட்டான். லேப் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவனே நம்பிவிட்டான். "அப்ப எவனோ என்ன ஏமாத்திப் பண்டல்ல போட்டுட்டான் போல" என்று வழக்கம்போலச் சிரித்தான். அந்தச் சிரிப்பு துர்காவுக்கு இன்னொரு கப்சாவாகப் பட்டது. மூன்று மாதத்தில் அருண் மில்லை விட்டுப் போனான். அடுத்த வருடம் துர்காவும் நின்றுவிட்டாள். சரி, அருண் போன பிறகாவது லோகு வாயைத் திறந்தானா என்றால் அதுவும் இல்லை. தின்னவும் மாட்டான், தின்பவனையும் விடமாட்டான் என்று இப்படிப்பட்டவர்களைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

எட்டு வருடம் ஓடியது. இந்த ஐப்பசியில் ஒரு மழையில் கேபிள் கருகி, அந்த அறையின் ஏசி மூன்று நாள் நின்றுபோனது. பதினாறு வருடத்தில் முதல் தடவையாக ஐப்பசி அந்த அறைக்குள் வந்தது. கண்ணாடிக் கதவில் முத்து முத்தாக நீர் கோத்து நின்றது. சோதனை எதுவும் செய்ய முடியாது. லோகு சும்மா உட்கார்ந்திருந்தான். பொழுது போகாமல் தன் பெட்டியிலிருந்து வெள்ளை ஆந்தை ராஜாவை எடுத்துத் தராசில் வைத்தான். அவனே நூறு தடவை எடை போட்ட சீட்டு, சந்தேகமே இல்லாத அசல்.

ஒன்று புள்ளி எட்டு ஆறு.

துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். எட்டு ஆறு. கொம்பு ராணியை வைத்தான், எட்டு ஐந்து. மரத்துக் கிழவன், எட்டு ஏழு. பெட்டியிலிருந்த அத்தனை பேரும் வரிசையாக வந்து தராசில் ஏறி நாங்களும் போலிதான் என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். லோகு பெட்டியை மூடினான். அந்த எண்ணை அவன் மறந்திருந்தால் பரவாயில்லை. எட்டு வருடமாக வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்த எண் அவன் கனவில் வந்துகொண்டுதான் இருந்தது.

ஏசி சரியான மறுநாள், சனிக்கிழமை விடியற்காலையிலேயே பொன்னேரி போய்ப் பழவேற்காட்டு பஸ் பிடித்தான். மழை விட்டிருந்தது. ஏரியும் வானமும் ஒரே சாம்பல் நிறம். எது தண்ணீர், எது வானம் என்று பிரிக்க முடியவில்லை. தூரத்துப் படகுகள் எதன்மேலும் நிற்காமல் சும்மா தொங்கின. அசைவே இல்லை. இந்த இடத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்தான். தோணிக்காரி நின்ற அதே ஏரி.

துர்கா துறையில் நண்டு விற்றுக்கொண்டிருந்தாள். வயசு முப்பத்திரண்டு. கல்யாணம் வேண்டாமென்று வீட்டில் முடிவாகச் சொல்லிவிட்டவள். ஈரக் கூடையைச் சாய்த்துத் தண்ணீர் முழுக்க வடிகிற வரைக்கும் பொறுமையாகப் பிடித்திருந்து, பிறகே நண்டுகளைத் தராசுத் தட்டில் கொட்டினாள்.

"இன்னா லோகு சார், இந்தப் பக்கம்? நண்டு வோணுமா?"

"துர்கா, அந்தச் சீட்டு இருக்குதா?"

எந்தச் சீட்டு என்று அவள் கேட்கவில்லை. "இருக்குது" என்றாள். "ஊட்ல, கண்ணாடிக்குப் பின்னால."

"போலின்னு சொன்னப்புறமும் தூக்கிப் போடலியா?"

"படம் இன்னா பண்ணிச்சி? படம் நல்லாத்தான இருக்குது."

வீட்டுக்குக் கூட்டிப்போனாள். சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் விரலை விட்டுச் சீட்டை உருவினாள். எட்டு வருடமாகத் தினமும் அவள் தலைவாரும்போது தோணிக்காரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறாள்.

"ஒரு நாள் எங்கிட்ட குடு. மறுபடி பாக்கணும்."

"அன்னிக்குப் பாத்தது பத்தலியா?"

லோகு கையை நீட்டிச் சீட்டை வாங்கினான். "அன்னிக்கு எங்கிட்ட எடுத்துகினு வர்றதுக்கு மின்னாடி இத்த எங்க வெச்சிருந்த?"

"உப்பு ஜாடில. எட்டு நாளும் அதுக்குள்ளாறதான் இருந்திச்சி. ஒசந்த பொருள வேற எங்க வெப்பாங்க? உப்பு லச்சுமியாச்சே. உங்க ஊட்ல வெக்க மாட்டாங்களா?"

வைப்பார்கள். லோகுவின் அம்மாவும் காதுத் தோட்டை உப்பு ஜாடியில்தான் வைத்திருக்கிறாள். ஐப்பசி மாதத்துக் கல்லுப்பு கசிந்து நீராக நிற்கும். அதற்குள் எட்டு நாள் கிடந்த காகிதம் எவ்வளவு குடித்திருக்கும்! அன்று சுண்டுவிரலால் தட்டிவிட்ட வெள்ளைத் துணுக்குகள் அவன் கண்முன் வந்தன. அது என்ன என்று அவனுக்கு அப்போதும் தெரிந்திருக்க வேண்டும். கடலோரத்து ஜில்லாவில் பிறந்தவனுக்கு உப்பு தெரியாதா?

"நாளைக்குச் சாயந்தரம் எடுத்துகினு வர்றேன்" என்றான்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "போலி ஆனதுக்கு அப்பறம் ஜாடில வெக்கல சார். மனசு வரல" என்றாள்.

சனிக்கிழமை நண்பகலுக்குச் சீட்டை அறைக்குள் படுக்கப்போட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். பாதி மெஷின்கள் ஓடவில்லை. கண்ணாடிக்கு வெளியே மில்லின் நீராவி மெல்ல எழுந்து மழைமேகத்தோடு கலந்துகொண்டிருந்தது. போலி என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் திருவள்ளூர் ஸ்டேஷனில் அருணைப் பார்த்திருக்கிறான். தோளில் ஒரு பெண் குழந்தை, பக்கத்தில் மனைவி. திருவாலங்காட்டில் இருக்கிறேன் என்றான். எல்லாம் முடிந்து போனது. இப்போது உண்மையைச் சொல்லி அவள் ஆறின புண்ணைக் கிளறுவதா? அவள் நல்லதுக்குத்தான் என்று மனசு நைச்சியம் பேசியது. எட்டு வருடத்துக்கு முன்னாலும் இதே குரலில்தான் பேசியது.

லென்ஸை எடுத்துக் கிட்டே கொண்டுபோனான். தோணிக்காரி புள்ளிகளானாள். அப்படியே கண் சொருகியது. தோணி வந்து நின்றது. லோகு ஏறி உட்கார்ந்தான். தலைக்கு மேலே இரண்டு நிலா; ஏரிக்குள்ளே இரண்டு நிலா. துடுப்பு போடும் சத்தம்கூட இல்லை. நடு ஏரியில் அவள் லாந்தரை அவன் முகத்துக்கு நேராகத் தூக்கினாள். "எறங்கு. தோணி தாழுது" என்றாள். நான் ஒல்லிதானே என்று அவன் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் விழிப்பு வந்துவிட்டது.

கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. இருபத்து நான்கு மணி நேரம் முடிந்தது. இடுக்கியால் சீட்டை எடுத்துத் தராசில் வைத்தான்.

ஒன்று புள்ளி ஏழு எட்டு.

உலகத்துச் சேகரிப்பாளர்கள் கனவு காணும் சீட்டு அவன் தராசில் கிடந்தது. அவனுக்குச் சந்தோஷமே வரவில்லை. ரிப்போர்ட் பேடைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினான்.

துர்கா வாசலில் ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வலையிலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தாள். ஏரியின்மேல் வெளிச்சம் குறைய ஆரம்பித்திருந்தது. லோகு நின்றபடியே சொன்னான்.

"அசல்."

வலை அவள் கையிலேயே நின்றது.

"அப்ப அவன் பொய் சொல்லல."

"இல்ல."

"இது ஒண்ணுதான் நெஜம்னு சொன்னான் சார். நான் சிரிச்சேன்." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "எழுதிக் குடுங்க. அன்னிக்குக் குடுத்தீங்கல்ல, அதே மாரி."

லோகு பேடை முழங்காலில் வைத்து எழுதினான். முடிவு: அசல். காரணம்: முன்பு எடை போட்டபோது சீட்டில் ஈரம் இருந்தது. கையெழுத்துப் போட்டு நீட்டினான். துர்கா எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தாள்.

"ஈரத்தோட வெச்சா கனக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? நண்டயே தண்ணி வடிச்சிதான் சார் நான் தராசுல வெக்கறேன்."

"தெரியும். அறைக்கு மேல எழுதி வெச்சதே நான்தான்."

"அப்ப இது காரணம் இல்ல." தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "இது பேப்பரோட காரணம். உன் காரணத்த எழுது."

சாரும் போய்விட்டது, நீங்களும் போய்விட்டது. லோகு பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அறைக்குள் மட்டுமே சொல்லிவந்ததை வெளியே எழுதுவது இவ்வளவு பாரமாக இருக்குமென்று அவனுக்குத் தெரியாது. முதலில் எழுதியதை அடித்தான். அதற்குக் கீழே எழுதினான்: 'அவனோடு போய்விடுவேன் என்று நீ சொன்னாய். எனக்குப் பொறுக்கவில்லை.'

துர்கா படித்தாள். மறுபடி படித்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். மண்ணை வாரித் தூற்றினால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். அவள் தூற்றவில்லை.

"இத்த அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்? முடியாதுன்னு சொல்லியிருப்பேன். அவ்ளோதான். மூணு பேரும் அவங்கவங்க ஊட்டுக்குப் போய் சோறு துன்னுட்டுத் தூங்கியிருப்போம்."

அவ்வளவுதான் அது. எட்டு வருடம், மூன்று பேர், ஒரு சின்ன 'முடியாது'. லோகு குலுங்கி அழுதான். கடைசியாக எப்போது அழுதான் என்று அவனுக்கே ஞாபகமில்லை.

அவன் ஓயும் வரைக்கும் அவள் வலையில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து சீட்டை வாங்கிப் பார்த்தாள். தோணிக்காரியையும் இரண்டு நிலாவையும் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினாள்.

"அவன் எங்க இருக்கான், தெரியுமா?"

"திருவாலங்காட்ல. கல்யாணம் ஆயிடிச்சி. ஒரு பொண்ணு இருக்குது."

"அந்தப் பொண்ணுகிட்ட இத்தக் குடு. அவன்கிட்ட நீ போய் சொல்லணும். வாயால. பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டு வந்துடாத."

"சொல்றேன்."

"ரெண்டும் சொல்லணும். ஈரத்தையும் சொல்லு, உன்னையும் சொல்லு."

"சொல்றேன், துர்கா."

சீட்டை அவன் சட்டைப் பையில் அவளே வைத்தாள். அவன் எழுதிய தாளை நாலாக மடித்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பு மேடையிலிருந்த பீங்கான் உப்பு ஜாடியின் மூடியைத் திறந்தாள். ஐப்பசியல்லவா, உப்பு கசிந்து பளபளத்தது. மடித்த தாளை அதன்மேல் வைத்துவிட்டு வாசலில் நின்றவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுவும் கனத்துடுமா?"

"கனத்துடும்."

"கனக்கட்டும்" என்று சொல்லி மூடியைப் போட்டாள்.